ஒரு பாடம், பத்துப் பள்ளிகள்: கல்வி நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ள எந்த வழி?

அருகருகே உள்ள பள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு குறுவள மையம். பத்துப் பள்ளிகள் உள்ள ஒரு குறுவள மையத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு உயர்நிலைப் பள்ளிகள், மூன்று நடுநிலைப் பள்ளிகள். மீதி ஐந்தும் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகள். உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகமும் இணையமும் உண்டு. நடுநிலைப் பள்ளிகளில் ஆளுக்கொரு ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் திறன்மிகு வகுப்பறை வந்துவிட்டது. மற்றவற்றில் ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்த தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே சொத்து. கல்வி நிகழ்ச்சிகளை எல்லாப் பள்ளிகளும் பயன்படுத்த வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த வழியில் என்ற கேள்வி வரும்போதுதான் கூட்டம் முடிவெடுக்காமல் கலைகிறது. ஒருவர் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சியை நேரடியாகப் போட்டால் போதும் என்கிறார். மற்றொருவர் யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்கிறார். மூன்றாமவர் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுச் சுற்றுக்கு விடலாம் என்கிறார்.

இந்த நிலையில் நின்றுகொண்டு 'எதைத் தேர்வது' என்று கேட்டு எழுதும் ஆசிரியர்கள் பலர். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருந்தபடியே, ஆறு ஆண்டுகள் எங்கள் குறுவள மையத்தின் காணொளித் தொகுப்பைப் பராமரித்தவன் என்ற முறையில், இந்த மூன்றோடு, ஒரு பள்ளியிலிருந்து மற்றவற்றுக்கு நேரலையாகப் பாடம் நடத்துவதையும் சேர்த்து, நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்க்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டிய அளவுகோல், நிகழ்ச்சியை நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பது. 25 நிமிடப் பாடம் ஒன்றை 40 நிமிடப் பாடவேளையில் நிறுத்தாமல் ஓடவிட்டால், பிள்ளைகள் அமைதியாகப் பார்ப்பார்கள். முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் இசையையும் வண்ணத்தையும் பற்றிச் சொல்வார்கள். அதே பாடத்தை மூன்று இடங்களில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டு, அவர்கள் சொன்ன விடை சரியா என்று பார்க்க மீண்டும் ஓடவிட்டு, புரியாத காட்சியை இரண்டாம் முறை காட்டினால் பாடவேளை முழுவதும் அதற்கே சரியாகப் போகும். ஆனால் அன்று நடத்தியது பாடமாக நிற்கும். நான் பார்த்தவரையில், ஒரு வழி வகுப்பறையில் நிலைத்ததா கைவிடப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒன்றே தீர்மானித்தது.

அடுத்தது பாடநூலோடு பொருத்தம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும், அதற்கடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளுக்கும் மாறின. அதற்கு முன் எடுக்கப்பட்ட காணொளிகள் இன்றும் சுற்றில் இருக்கின்றன. அவற்றில் பாடக் கருத்து சரியாக இருந்தாலும் கலைச்சொற்களும் வரிசையும் இன்றைய நூலோடு ஒத்துப்போவதில்லை.

மூன்றாவது, மின்சாரமும் சிக்னலும் கருவியும். இதில் பத்துப் பள்ளிகளின் சராசரியைப் பார்க்கக் கூடாது. மிகக் குறைந்த வசதியுள்ள பள்ளியைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கு எட்டாத ஏற்பாட்டைப் பகிர்வு என்று சொல்வது பொருந்தாது.

நான்காவது செலவு. பணச் செலவை எல்லாரும் கணக்கிடுகிறார்கள். ஆசிரியர்களின் நேரச் செலவை யாரும் கணக்கிடுவதில்லை. ஐந்தாவது உரிமை, அதாவது அந்த நிகழ்ச்சியை நகலெடுக்கவும் பிற பள்ளிக்குக் கொடுக்கவும் நமக்கு அனுமதி உண்டா என்பது.

## வழி 1: நேரடி ஒளிபரப்பு

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதன் படப்பிடிப்புக் கூடம் அமைந்தது. அரசு கேபிளில் 200-ஆவது எண்ணில் அது கிடைத்தது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, திறன்பேசி இல்லாத வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டுசேர்த்தது இந்தத் தொலைக்காட்சிதான். கேரள அரசின் கல்வி அலைவரிசையான கைட் விக்டர்ஸ் 2020 ஜூன் 1 அன்று 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியதும் இதே தேவையால்தான். மத்திய அரசின் பிஎம் இ-வித்யா அலைவரிசைகளை மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வழியாகவும் பெறலாம். ஆனால் வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்று தொடங்கிய அந்த 12 அலைவரிசைகளும் தேசியப் பாடநூல்களை ஒட்டியவை என்பதால் நம் வகுப்புகளுக்கு நேராகப் பொருந்துவது குறைவு.

வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும் இந்த வழி, பள்ளி திறந்திருக்கும் நாளில் வகுப்பறைக்கு ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு இந்தியாவின் முதல் பெரிய முயற்சியே விளக்கம் தருகிறது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த 'சைட்' என்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதை நான்கு மொழிகளுக்குப் பங்கிட வேண்டியிருந்ததால் ஒவ்வொரு மொழிக்கும் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடம். 5 வயதுப் பிள்ளையும் 12 வயதுப் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து அதைத்தான் பார்த்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. எனினும் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் ஒன்றையே காட்டுவது என்ற அதன் அமைப்பு இன்றைய ஒளிபரப்பிலும் மாறவில்லை. ஏழாம் வகுப்பு அறிவியல் காலை 11 மணிக்கு ஒளிபரப்பாகிறது என்றால், மூன்று நடுநிலைப் பள்ளிகளும் அந்த வேளையில் ஏழாம் வகுப்புக்கு அறிவியலை வைக்க வேண்டும். மூன்று பள்ளிகளும் அதே வாரத்தில் அதே பாடத்தை எட்டியிருக்கவும் வேண்டும். நான் ஆறு ஆண்டுகளில் ஒரு பருவத்தில்கூட அப்படி நடந்து பார்த்ததில்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. கேபிள் கட்டணத்தை மாதந்தோறும் கட்டும் பொறுப்பு பெரும்பாலும் தலைமையாசிரியரின் சொந்தப் பையில் வந்து நிற்கிறது. டிஷ் ஆண்டெனா என்றால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கனமழை பெய்யும்போதெல்லாம் படம் உறைந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, நிகழ்ச்சியை ஆசிரியர் முன்கூட்டிப் பார்க்க முடியாது என்பது. பார்க்காத பாடத்தை வகுப்பில் காட்டுகிறவர் மாணவர்களோடு சேர்ந்து அதை முதல் முறை பார்க்கிறார். எந்தக் கேள்விக்கும் ஆயத்தமாக இருக்க அவருக்கு வாய்ப்பில்லை.

அப்படியானால் இதை எப்போது தேர்வது? பள்ளி மூடியிருக்கும் காலத்தில், வீட்டில் திரும்பப் படிப்பதற்கு, பிறகு அந்த நேரத்தில் பார்த்தால்தான் பொருள் உண்டு என்ற நிகழ்வுகளுக்கு. சந்திரயான்-3, 2023 ஜூலை 14 வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. பள்ளி நடக்கும் வேளை. எண்ணிக்கை இறங்குவதைப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததற்கு, மறுநாள் காட்டும் பதிவு எதுவும் ஈடாகாது.

## வழி 2: இணையத்தில் தேவைப்படும்போது

கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. பாடநூலில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீடு மத்திய அரசின் கல்வித் தளமான தீக்ஷாவுக்கு அழைத்துச் செல்கிறது. 2023 ஜூலையில் வந்த, தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளின் பாடங்களைக் கருத்து வாரியாகச் சிறு காணொளிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிறுத்தும் பொத்தான் ஆசிரியர் கையில் இருக்கிறது, முன்கூட்டிப் பார்க்கலாம், தேடலாம். முதல் இரண்டு அளவுகோல்களிலும் இந்த வழி நன்றாகத் தேறுகிறது.

தடுமாறும் இடம் மூன்றாவது அளவுகோல். ஓரளவு தெளிவான காணொளிக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 25 நிமிடப் பாடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 375 எம்பி செலவாகும். நாளைக்கு நான்கு பாடம் காட்டினால் 1.5 ஜிபி, சாதாரண செல்பேசித் திட்டம் ஒன்றில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் முழு அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். இணைப்பு இல்லாத பள்ளியில் ஆசிரியை தன் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடுகிறார். அன்று மாலை அவருடைய வீட்டுக்கு இணையம் இருக்காது. இந்தச் செலவை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதற்கு இடமில்லை.

யூடியூபில் பாடத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது; முடிந்தவுடன் தொடர்பில்லாத அடுத்த காணொளி தானாக ஓடத் தொடங்குகிறது. தானியங்கி ஓட்டத்தை அணைத்து வைக்கலாம் என்றாலும், பொதுக் கணினியில் அந்த அமைப்பு அப்படியே நீடிக்கும் என்று நம்ப முடியாது. பள்ளிகளுக்கிடையே பகிர்வது என்று வரும்போது, இணைப்பு முகவரிகள் வாட்ஸ்அப் குழுவில் போடப்படுகின்றன. மூன்றே நாளில் சுற்றறிக்கைகளுக்கும் வாழ்த்துகளுக்கும் அடியில் அவை புதைந்துபோகின்றன. முகவரிகளை ஒரு பொது அட்டவணையில் தொகுத்து வைத்தாலும், பதிவேற்றியவர் காணொளியை நீக்கினால் ஒரு வரி செத்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு, குறிப்பாகப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாணவர் தனித்தனியாக ஆய்வகக் கணினியில் அமர்ந்து தமக்குப் புரியாத பகுதியை மட்டும் தேடிப் பார்க்கும் நிலைக்கு, இதைவிடச் சிறந்த வழி இல்லை. உறுதியான அகலப்பட்டை இணைப்பு கிடைத்துவிட்ட தொடக்கப் பள்ளிகளுக்கும் இது போதும். அவர்கள் வேறொன்றில் பணம் போட வேண்டியதில்லை.

## வழி 3: குறுவள மையத்தில் ஒரு பொதுத் தொகுப்பு

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 1961-இல் விசித்திரமான ஒரு கல்வி ஒளிபரப்பு தொடங்கியது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட டிசி-6 விமானம், இந்தியானா மாநிலத்தின் மான்ட்பீலியர் என்ற ஊருக்கு மேலே ஏறத்தாழ 23,000 அடி உயரத்தில் வட்டமிட்டபடி, ஒளிநாடாவில் பதிந்த பாடங்களை ஆறு மாநிலங்களின் பள்ளிகளுக்கு அனுப்பியது. மலைக்கு மேல் கோபுரம் நட முடியாத சமவெளியில் விமானத்தையே கோபுரமாக்கிய திட்டம் அது. 1968-இல் விமானம் தரையிறக்கப்பட்டது. அந்த அமைப்பு அதோடு கலைந்துவிடாமல், அதே பாடங்களை நாடாக்களாக வழங்கும் நூலகமாகத் தொடர்ந்தது. வானத்திலிருந்து பொழிந்த பாடம், நூலகத்தில் கேட்டு வாங்கும் பொருளாக மாறியது. குறுவள மையத்தின் ஹார்ட் டிஸ்க்கும் அந்த நூலகத்தின் வழியில் வந்ததுதான்.

ஏற்பாடு எளியது. இணைய வசதியுள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பாடங்களை அனுமதியோடு இறக்கி, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வகைப்படுத்தி வைக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை, குறுவள மையக் கூட்டம் நடக்கும் நாளில், ஒவ்வொரு பள்ளியும் தனக்குத் தேவையான பாடங்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துச் செல்லும். மேலே சொன்ன கணக்கின்படி 300 பாடங்களுக்கு ஏறத்தாழ 112 ஜிபி ஆகும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 2,600 பாடங்கள் அடங்கும். ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஒரு பருவத்தில் 60 பாடங்களுக்கு மேல் தேவைப்படாது; அதற்கு 32 ஜிபி பென் டிரைவ் போதும். இந்த அளவுக்கு வேறொரு நன்மையும் உண்டு: 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்கள் பொதுவாக பழைய தொலைக்காட்சிகளும் படிக்கக்கூடிய ஃபேட்32 என்ற கோப்புச் சேமிப்பு முறையிலேயே வருகின்றன. கோப்புகளை எம்பி4 வடிவத்தில், எச்.264 குறியீட்டில் வைத்துக்கொண்டால் பழைய பெட்டிகளிலும் ஓடும். புதிய எச்.265 முறையில் கோப்பின் அளவு குறையும் என்றாலும், பழைய பெட்டிகள் பலவற்றில் படம் வராமல் ஒலி மட்டும் வரும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் நாங்கள் ஓராண்டை வீணாக்கினோம். அழகாகத் தமிழில் பெயர் வைத்தோம்; கணினியில் சரியாகத் தெரிந்த பெயர்கள், பள்ளித் தொலைக்காட்சியின் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. எந்தப் பாடம் எது என்று தெரியாமல் ஆசிரியைகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சலித்துப்போய், இரண்டே வாரத்தில் பென் டிரைவை மேசை அறைக்குள் வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு எண்களுக்கு மாறினோம். வகுப்பு, பாடம், பருவம், அலகு என்ற வரிசையில் 07-4-2-01 என்றால் ஏழாம் வகுப்பு அறிவியல், இரண்டாம் பருவம், முதல் அலகு. அதோடு அச்சிட்ட பட்டியல் ஒன்றும் ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுத்தோம். அந்தத் தாள் சுவரில் ஒட்டப்பட்ட நாளிலிருந்துதான் தொகுப்பு உண்மையில் பயன்படத் தொடங்கியது.

பட்டியலில் பாடத்தின் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதும் வழக்கம் இரண்டாம் ஆண்டில் தற்செயலாகப் பிறந்தது. பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் வெப்பநிலைமானி பற்றிய பாடத்துக்கு நேரே, 'எட்டாவது நிமிடத்தில் நிறுத்தி, பாதரசம் ஏன் ஏறுகிறது என்று கேளுங்கள். விடை ஒன்பதாவது நிமிடத்தில் வருகிறது' என்று பென்சிலால் எழுதியிருந்தார். அதைப் பார்த்த மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். 'இதில் வரும் சோதனையை வகுப்பிலேயே செய்யலாம், மெழுகுவர்த்தியும் தம்ளரும் போதும்.' 'வேகமாகப் பேசுகிறார், நான்காம் வகுப்புக்குக் கடினம்.' 'பழைய பாடநூலைச் சேர்ந்தது, கடைசி ஐந்து நிமிடம் வேண்டாம்.' காணொளியை எங்கிருந்தும் பெறலாம். அதை ஏற்கெனவே வகுப்பில் காட்டிய ஒருவரின் அனுபவம் பக்கத்துப் பள்ளியிலிருந்துதான் கிடைக்கும். பள்ளிகள் ஒன்றுசேர்ந்து பகிர வேண்டியது அந்த ஒரு வரியைத்தான் என்று அன்று எனக்கு விளங்கியது. ஒளிபரப்பிலும் இணையத்திலும் அதற்கு இடமில்லை என்பதே இந்த வழியை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம்.

இனி இதன் மறைந்த செலவுகளுக்கு வருவோம்; அவை சிறியவை அல்ல. 300 பாடங்களை யாராவது முழுமையாகப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பாடத்துக்கு 25 நிமிடம் என்றால் 125 மணி நேரம். ஒரே ஆசிரியர் தலையில் இதைச் சுமத்தினால் முதல் பருவத்தோடு அவர் விலகிவிடுவார், அவரைக் குறைசொல்ல முடியாது. பத்துப் பள்ளிகளும் ஆளுக்கு 30 பாடங்களை ஏற்றுக்கொண்டால் ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டரை மணி நேரம். ஒரு பருவத்தில் அது முடியும். இதை முன்கூட்டி எழுதிப் பிரித்துக்கொள்ளாத குறுவள மையம் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் எல்லாம் போயிற்று; ஆகையால் தொடக்கத்திலிருந்தே இரண்டு படிகள் வேண்டும், வெவ்வேறு பள்ளிகளில். பென் டிரைவ் வழியாக வைரஸ் பரவுவது மற்றொன்று. எங்கள் தொகுப்பிலிருந்து போன ஒன்று, வெளியே ஒரு கணினி மையத்தில் செருகப்பட்டுத் திரும்பியபோது, கோப்புகள் எல்லாம் மறைந்து குறுக்குவழிக் குறிகள் மட்டும் இருந்தன. இரண்டாவது படி இருந்ததால் தப்பித்தோம். அதன் பிறகு, நகலெடுப்பது மையக் கணினியில் மட்டும், திரும்பி வரும் பென் டிரைவை முழுவதும் அழித்த பின்னரே புதியதை ஏற்றுவது என்று வைத்துக்கொண்டோம். பாடநூல் திருத்தப்படும் ஆண்டுகளில் தொகுப்பின் ஒரு பகுதி காலாவதியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். நீக்குவதற்கும் ஆள்நேரம் வேண்டும்.

உரிமையைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதற்கும், கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக அதன் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் படம் காட்டுவதற்கும் விலக்கு அளிக்கிறது. ஒரு வகுப்பறையில் காட்டுவதற்கு இது துணை நிற்கும். பத்துப் பள்ளிகளுக்கு நிலையான தொகுப்பாக நகலெடுத்து வழங்குவது வேறு செயல். சட்ட விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், யூடியூபின் விதிமுறைகள் அனுமதியில்லாமல் இறக்கிக்கொள்வதைத் தடுக்கின்றன. எனவே நேர்மையான வழி, வட்டாரக் கல்வி அலுவலர் மூலமாகத் தயாரித்த துறையிடம் எழுத்தில் அனுமதி கேட்பதும், திறந்த உரிமத்தில் வெளியானவற்றை முதலில் எடுப்பதும்தான். தனியார் நிறுவனங்களின் பாடங்களை, அவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தொகுப்பில் சேர்க்கக் கூடாது. நம் ஆசிரியர்களே எடுத்த பாடம் ஒன்றைச் சுற்றுக்கு விடுவதானால், அதில் முகம் தெரியும் பிள்ளைகளின் பெற்றோரிடம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

இந்த வழி பொருந்தாத இடமும் உண்டு. எல்லாப் பள்ளிகளுக்கும் நல்ல இணைப்பு இருந்தால் இவ்வளவு உழைப்பு தேவையில்லை. பட்டியலையும் அந்த ஒரு வரிக் குறிப்புகளையும் மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டு காணொளியை இணையத்திலேயே பார்க்கலாம்.

## வழி 4: ஒரு பள்ளியிலிருந்து மற்றவற்றுக்கு நேரலை

ஒரு பள்ளியின் ஆசிரியர் பாடம் நடத்த, மற்றப் பள்ளிகள் திரையில் பார்த்துக் கேள்வி கேட்பது இந்த முறை. 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்ட எஜுசாட், கல்விக்கென்றே இந்தியா விண்ணில் செலுத்திய செயற்கைக்கோள். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான தொடக்கப் பள்ளிகள் அதன் வழியாகப் பாடங்களைப் பெற்றன. எனினும் பள்ளிகள் பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்தது பார்க்க மட்டும் முடிந்த கருவி; திருப்பிப் பேசும் கருவி சில மையங்களுக்கு மட்டுமே வாய்த்தது. 2010-இல் அந்தச் செயற்கைக்கோளின் காலம் முடிந்தபோது, அதை நம்பியிருந்த வலையமைப்புகள் வேறொன்றுக்கு மாற வேண்டியதாயிற்று.

இன்று காணொளிச் சந்திப்புச் செயலிகள் அதே வேலையைச் செலவில்லாமல் செய்கின்றன. ஆனால் ஒளிபரப்பின் கால அட்டவணைச் சிக்கலும் இணையத்தின் இணைப்புச் சிக்கலும் இரண்டும் இதில் சேர்ந்துகொள்கின்றன. நாற்பது பிள்ளைகள் உள்ள அறையில் மின்விசிறி ஓசைக்கு நடுவே ஒரு மடிக்கணினியின் ஒலிவாங்கி எதையும் தெளிவாக எடுக்காது. ஆகவே அன்றாடப் பாடத்துக்கு இது வேண்டாம். கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளிக்கு, பக்கத்துப் பள்ளியின் ஆசிரியர் வாரம் இரண்டு பாடவேளை நடத்தித் தருவது போன்ற குறுகிய, தெளிவான தேவைக்கு மட்டும் இதைத் தேர்வது நல்லது. அப்போதும் திரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆசிரியர் நின்றாக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரடி ஒளிபரப்பு | இணையம் | பொதுத் தொகுப்பு | நேரலை வகுப்பு |
|---|---|---|---|---|
| நிறுத்தவும் திரும்பக் காட்டவும் | முடியாது | முடியும் | முடியும் | கேட்டுக்கொள்ளலாம் |
| பாடநூல் பொருத்தம் | கல்வித் தொலைக்காட்சியில் நன்று | தேடி எடுக்க வேண்டும் | சரிபார்த்தால் மிக நன்று | மிக நன்று |
| குறைந்த வசதியுள்ள பள்ளிக்கு | கேபிள் அல்லது டிஷ் போதும் | கடினம் | தொலைக்காட்சியும் பென் டிரைவும் போதும் | மிகக் கடினம் |
| பணச் செலவு | சிறிது, மாதந்தோறும் | இணைப்பு, மாதந்தோறும் | தொடக்கத்தில் சில ஆயிரம் ரூபாய் | இணைப்பு, ஒலிக்கருவி |
| ஆள்நேரம் | மிகக் குறைவு | நடுத்தரம் | மிகுதி | மிகுதி |
| உரிமைச் சிக்கல் | இல்லை | இல்லை | அனுமதி தேவை | இல்லை |

## நம் பத்துப் பள்ளிகள் எதைத் தேர்வது?

இரண்டு உயர்நிலைப் பள்ளிகளும் இணையத்திலேயே இருக்கட்டும். அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குத் தேவை ஒரு கணினியும் இறக்கித் தரும் நேரமும். மூன்று நடுநிலைப் பள்ளிகளும் ஐந்து தொடக்கப் பள்ளிகளும் பொதுத் தொகுப்புக்கு வரட்டும். கல்வித் தொலைக்காட்சியின் வாராந்திர நிகழ்ச்சி நிரலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி, பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் சொல்லி, அதை வீட்டுப் படிப்புக்கு விட்டுவிடலாம்.

ஈராசிரியர் பள்ளிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு, ஒரு வகுப்பைத் திரைமுன் அமர்த்திவிட்டு மற்றொன்றைக் கவனிப்பது பெரிய ஆறுதலாகத் தோன்றும். அதற்கு 25 நிமிடக் காணொளி உதவாது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்து, பார்த்தவுடன் செய்ய ஒரு வேலையைக் கொடுக்கும் சிறு பாடங்களை மட்டும் அந்தப் பள்ளிகளுக்கென்று தனியே பிரித்துக் கொடுங்கள். கேட்கும் திறன் குறைந்த பிள்ளை உள்ள பள்ளிக்கு, எழுத்து வரிகள் உள்ள காணொளிகளைத் தனிக் குறியிட்டுக் காட்டுங்கள்.

பணம் பெரிய தடையாக இராது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் எட்டு பென் டிரைவும் வாங்கும் செலவைப் பத்துப் பள்ளிகளின் மானியத்திலிருந்து பங்கிட்டால் ஒரு பள்ளிக்கு வருவது சிறு தொகை. மிச்சம் இருந்தால் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கி வாங்குங்கள், தொலைக்காட்சியின் ஒலி கடைசி வரிசைக்கு எட்டுவதில்லை. முதல் பருவத்தில் 300 பாடங்களுக்கு ஆசைப்படாமல், பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் பாடங்களாகப் பார்த்து 50 மட்டும் எடுத்தால், பள்ளிக்கு ஐந்து பாடங்களைச் சரிபார்த்துக் குறிப்பு எழுதினால் போதும். யார் எந்த ஐந்தை எடுத்துக்கொள்கிறார்கள், நகலெடுப்பது எந்தக் கணினியில், இரண்டாவது ஹார்ட் டிஸ்க் எந்தப் பள்ளியின் பீரோவில் இருக்கும், சாவி யாரிடம் என்ற நான்கையும் முதல் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.